ஏசி ஓட வைச்ச சிவப்பு மூண்டு

இதை எழுதாமலே விட்டிருப்பன். ஆண்டு எட்டோட பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் சரிவராமப் போச்சு, ஒரு பக்கம் எழுதிறதெண்டா எனக்குத் தனியாப் போட்டைக் கடலுக்குத் தள்ளுற மாதிரி. ஆனா நேற்று போனின்ர கவரைக் கழட்ட, உள்ளுக்க இருந்து சீட்டாடுற அந்தக் காட் நிலத்தில விழுந்திது. சிவப்பு மூண்டு. ஒரு மூலை நுளம்புத்திரியில சுட்டுக் கருகிப்போய் இருக்கும். ஊரில உள்ள எல்லாரையும் நான் நக்கலடிச்சிருக்கிறன். என்னைத் திருப்பி நக்கலடிக்கிற ஒரே சாமான் அந்தக் காட்தான்.

எங்கட ஒழுங்கையில முன்னூத்திநாலு எண்ட சீட்டாட்டம் தெரியாத ஆள் இல்லை. அந்த ஆட்டத்துக்கு ரெண்டில இருந்து ஆறு வரைக்கும் உள்ள சின்னக் காட்டுகள் தேவையில்லை, கட்டில இருந்து எடுத்து ஒரு பக்கம் போட்டிடுவம். ஞாயிற்றுக்கிழமையில மச்சாள் வீட்டு விறாந்தையில நாலு பேர் இருப்பம்: மச்சாள், அவவின்ர புருசன், நான், என்ர கூட்டாளி. மச்சாள் என்ர மாமான்ர மகள், என்னைவிட ஏழு வயசு மூப்பு. நாலு பேரிலயும் கெட்டிக்காரி அவதான். "மச்சான், காட்டை மறைச்சென்ன, முதல்ல உன்ர மூஞ்சையை மறை" எண்டு சொல்லிப்போட்டு, நான் நினைச்ச காட்டையே வெட்டுவா.

சண்டையில சம்பூரை விட்டு ஓடிவந்து, இந்தக் கரையில மீன் வாடி போட்ட குடும்பம் அவையின்ர. அண்ணை, அதுதான் மச்சாளின்ர புருசன், கரைவலை இழுத்தவர். ஹோட்டல் வந்த பிறகு வலை இழுத்த மணலில வெள்ளைக்காரர் படுக்கிற கட்டில் வந்திது. வாடி போச்சு. அதுக்குப் பதிலா வீட்டுக்கு ஒரு வேலை எண்டாங்கள். மச்சாளுக்குக் கடலைப் பாத்த பன்ரண்டு அறையையும் துப்புரவாக்கிற வேலை. "ஒரு கடற்கரைக்கு ஒரு விளக்குமாறு, நல்ல வியாபாரம்" எண்டு நான் நக்கலடிச்சனான். மச்சாள் சிரிச்சவ. அண்ணை சிரிக்கேல்லை. அந்தச் சம்பளத்திலதான் அவரும் ரெண்டு பிள்ளையளும் சாப்பிட்டவை.

ஒவ்வொரு அறையிலயும் மூண்டு பாசையில ஒரு மட்டை தொங்கும்: எங்கள் தீவின் மின்சாரத்தைச் சேமிக்க உதவுங்கள். கதவுக்குப் பக்கத்தில சுவரில ஒரு பொட்டு, நீளத் துவாரம். அதுக்குள்ள சாவிக் காட்டைச் செருகினால்தான் கரண்ட் வரும், எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டால் ஏசி நிண்டிடும். மீட்டர் கூடினால் உன்னைத்தான் பிடிப்பன் எண்டு மனேஜர் மச்சாளிட்டச் சொல்லிப்போட்டார். அவர் சொல்லாட்டிலும் அவ பாத்துத்தான் இருப்பா. ஹோட்டலும் எங்கட ஒழுங்கையும் ஒரே ட்ரான்ஸ்போமரில தொங்குது. அங்க பன்ரண்டு ஏசியும் ஓடினால் இஞ்ச தண்ணி மோட்டர் உறுமும், தண்ணி ஏறாது. ஆளில்லாத அறையில ஏசியை நிப்பாட்டேக்க, தன்ர வீட்டு வாளியில தண்ணி விழுற சத்தம் கேக்கிற மாதிரி இருக்கும் எண்டு ஒருநாள் சொன்னவ.

நான் அந்த ஹோட்டலில தங்கிற ஆக்களைப் புறாத்தீவுக்குப் போட்டில ஏத்திக்கொண்டு போறவன். ஒருநாள் கொழும்பால வந்த குடும்பம் ஒண்டு, தீவால திரும்பி அறைக்குப் போகேக்க அது பாண் போறணை மாதிரிச் சுடுதெண்டு முணுமுணுத்திது. எனக்குத் தெரியும், அந்தப் பொட்டுக்குச் சாவி தேவையில்லை, ஒரு மட்டை இருந்தால் போதும். அடுத்த நாள் வீட்டில கிடந்த சின்னக் காட்டுகளைக் கொண்டுபோய், மந்திரவாதி மாதிரி ஒண்டை உருவிக் குடுத்தன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சவை. அந்தச் சிரிப்புக்காகவே வாற போற எல்லாருக்கும் குடுத்தன். அவை தீவில மீன் பாக்க, அறையில பல்கனிக் கதவு திறந்தபடி, ஏசி கடலுக்குக் காத்து வீசிச்சுது. வீட்டில அம்மா மோட்டருக்கு முன்னால நிண்டு கரண்ட்காரரைத் திட்டுவா. நானும் பக்கத்தில நிண்டு, அம்மாவைவிட நல்லாத் திட்டினனான்.

மீட்டர் கூடிச்சுது. மத்தியானத்தில ஏசியைப் போட்டு அறைக்குள்ள நித்திரை கொள்ளுறாய் எண்டு மனேஜர் மச்சாளைப் பிடிச்சார். இல்லை சேர் எண்டவ. சட்டைப் பையில என்ன எண்டு கேட்டார். எடுத்துக் காட்டினவ. ஏழெட்டுக் காட். ஒவ்வொரு அறையாப் போய் உருவினது. "வேலை நேரத்தில காட்ஸோ?" எண்டார் மனேஜர். நான் நாலு முழம் தள்ளி ஹோட்டல் படியில லைஃப் ஜாக்கெட் அடுக்கிக்கொண்டு நிண்டனான். மச்சாள் என்னை ஒருக்காப் பாத்தா. அந்த மூஞ்சையைத்தான் அவவுக்கு வாசிக்கத் தெரியுமே. பிறகு "ஓம் சேர், என்ர காட்ஸ்தான்" எண்டா.

ஒரு சொல்லு. நான் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் முடிஞ்சுது. ஆனா சொன்னால் அந்த ஹோட்டலில இருந்து என்ர போட்டுக்கு ஆள் கிடைக்காது. பள்ளிக்கூடத்தில மூடச் சொல்லி அடிச்ச நேரமெல்லாம் மூடாத வாய், அண்டைக்கு மூடிக்கொண்டுது. லைஃப் ஜாக்கெட்டை எண்ணுற மாதிரி குனிஞ்சு நிண்டனான்.

வேலை போய், பின்னேரம் எங்கட படலைக்கு வந்தா. காட்டுகளை என்ர கையில வைச்சா. "இந்தா மச்சான். ஆட்டத்துக்குத் தேவையில்லாததுகள்தானே, அதான் குடுத்தனி என்ன? இந்த மூலை என்ர விறாந்தையிலதான் சுட்டது. முதல்நாளே தெரியும்." ஏன் அப்பவே என்னட்ட வந்து ஏசேல்லை எண்டு கேட்டன். "நீயா நிப்பாட்டுவாய் எண்டு நினைச்சன்" எண்டா. அவ்வளவுதான். நாலு மாசத்தில குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போயிட்டா. அண்ணை பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு கிளிவெட்டிக்குப் போய், ஆரோ ஒருத்தரின்ர வயலில கூலிக்கு நிக்கிறார். விறாந்தை பூட்டிக் கிடக்கு.

ஹோட்டலில இப்ப கூரையில சோலர், வாசலில பச்சை இலை போட்ட ஒரு பலகை, கரண்டைச் சேமிக்கிற ஹோட்டலாம். நான் ஏத்துற ஆக்கள் அதுக்கு முன்னால நிண்டு படம் எடுக்கினம். எடுத்துக் குடுக்கிறதும் நான்தான். புதுப் பொட்டுகள் சரியான சாவியை மட்டும்தான் ஏத்துக்கொள்ளுது, ஆனா பின்னால இன்னும் இருவது அறை கட்டினதால எங்கட மோட்டர் மட்டும் அதே உறுமல். போன மாசம் மச்சாள் போனில குரல் பதிஞ்சு அனுப்பினவ: "மச்சான், இஞ்ச ஆளில்லாத அறையிலயும் ராப்பகல் ஏசி. நிப்பாட்டப் போனால் மேடம் ஏசுறா." சொல்லிப்போட்டுச் சிரிக்கிறா. நான் ஒரு சிரிச்ச மூஞ்சை அனுப்பினன்.

நேற்று விழுந்த காட்டைத் திரும்பக் கவருக்குள்ள வைக்க மனம் வரேல்லை. அதை முன்னால வைச்சுத்தான் இவ்வளவையும் எழுதினது. எழுதி முடிச்சு, காட்டையும் படம் பிடிச்சு, எங்கட ஆட்டத்தில நாலாவதா இருந்த கூட்டாளிக்கு அனுப்பினன். கொஞ்ச நேரத்தில பதில் வந்திது:

"வாசிச்சன், பிழையான ஆளுக்கு அனுப்பிப்போட்டாய், இது குவைத்துக்குப் போக வேண்டியது."