டயமண்ட் ஹார்பர் வரை: ஒரு பேட்டரி, ஒரு ஒயர்

டிசம்பரில் ஒரு ஞாயிறு. பெஹாலாவிலிருந்து டயமண்ட் ஹார்பருக்குச் சைக்கிளில், நாற்பது கிலோமீட்டர் சொச்சம். ஹூக்ளி ஆறு அங்கே அகலமாகிவிடுகிறது, பார்க்கலாம் என்பது வெளியே சொன்ன காரணம். உள்ளே வேறொன்று. கல்யாணமாகி இரண்டு வருடத்தில் கௌதமும் நானும் சேர்ந்து கிளம்பியிருக்கிறோம், சேர்ந்து போனதில்லை. அவன் முன்னால் போய்விடுவான். இன்றும் விட்டுவிட்டுப் போனால் இனி உன்னோடு சைக்கிள் எடுக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன்.

அவனுடையது எலெக்ட்ரானிக் கியர். பட்டனைத் தொட்டால் போதும். பின்னாலிருக்கும் சின்ன மோட்டார் செயினை அடுத்த பல்சக்கரத்துக்குத் தள்ளும். என்னுடையது ஒயர் கியர். லீவரை விரலால் நெட்டித் தள்ள வேண்டும். கடக் என்று, மனமிருந்தால் மாறும். அதை மாற்றித் தொலை என்று மாதம் ஒருமுறை சொல்கிறான்.

முதல்நாள் மாலையே சால்ட் லேக்கில் எங்கள் வீட்டிலிருந்து பெஹாலாவுக்கு, அவன் பெற்றோர் வீட்டுக்கு வந்துவிட்டோம். காலை 5:40க்குப் புறப்பாடு. ஜோக்கா தாண்டியதும் சாலை காலி. "நீ மெதுவா வா, நான் முன்னாடி டீக்கடையில இருக்கேன்." போயே விட்டான்.

ஆம்தலாவுக்குச் சற்று முன்னால் அவனைப் பிடித்தேன். டீக்கடை இல்லை. சாலையோரம் நின்று பட்டனை அழுத்திக்கொண்டிருந்தான். பேட்டரி காலி. கியர், மிதிக்க இருப்பதிலேயே கனமானதில் நின்றுவிட்டது. இரவு சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே துணிமூட்டைகளுக்கு நடுவில் செருகியிருந்தான். மூட்டை பட்டனை விடிய விடிய அழுத்தியிருக்கிறது. சார்ஜர் சால்ட் லேக்கில்.

"தூர் பாபா, ஒரு சார்ஜுக்கு ஆயிரம் கிலோமீட்டர் வரும்னு போட்டிருந்தான்." பெஹாலாவில் வளர்ந்தவன். கோபம் வங்காளத்தில்தான் ஆரம்பிக்கும்.

"நீ மெதுவா வா," என்றேன். "நான் முன்னாடி டீக்கடையில இருக்கேன்."

போனேன். நான்கு கிலோமீட்டர், திரும்பிப் பார்க்காமல். மண்குவளையில் டீ, பத்து ரூபாய். நான் சாலையையே பார்ப்பதைக் கண்டு, திதி, தாதா எங்கே, அதாவது அக்கா, அண்ணன் எங்கே என்று கடைக்காரம்மா கேட்டார். வருவார் என்றேன். முதல் டீ நன்றாக இருந்தது. இரண்டாவது இல்லை. அவன் வந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தான். சண்டையாவது போட்டிருக்கலாம்.

போக நினைப்பவர்களுக்கு: ஒயர் என்றால் கிளம்புமுன் அதன் நுனி பிரிந்திருக்கிறதா பாருங்கள். எலெக்ட்ரானிக் என்றால் முதல்நாளே சார்ஜ் செய்யுங்கள், பட்டன் எதன்மீதும் சாயாமல் நிறுத்துங்கள். வழியில் எல்லா ஃபோனுக்கும் சார்ஜர் கிடைக்கும், இதற்குக் கிடைக்காது. எது நல்லது என்று கேட்டால், வேலை செய்யும்போது அவனுடையதுதான். அதைச் சொல்லவே எரிச்சலாக இருக்கிறது.

மிச்ச தூரம் பக்கத்திலேயே ஓட்டினேன். அவனுக்கு ஒரே கியர். வேகத்தடையில் தவழ்வான், சமதளத்தில் மெல்ல வேகமெடுப்பான். ஒவ்வொன்றுக்கும் நான் மாற்ற வேண்டும். இறக்கு, ஏற்று, இறக்கு. கட்டைவிரல் மரத்துவிட்டது. ஒருவர் பக்கத்திலேயே இருக்க இவ்வளவு வேலை இருக்கிறது.

ஆறு தெரிய ஆரம்பித்த இடத்தில் கௌதம் திரும்பினான். "உன் கியர் எப்பவும் இவ்ளோ சத்தம் போடுமா?"

"எப்பவும்."

வேகத்தடை ஒன்று வந்தது. கடக். மறுபடி கடக்.

"நான் கேட்டதே இல்ல," என்றான்.