வெள்ளைக் கல் பெஞ்சு

முன்னறையில் தாள் புரண்டது. சரக்கென்று அழுத்தமாய் ஒரு புரளல், சிறிது இடைவெளி, மறுபடி ஒன்று. அடுப்படியில் டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தவள் காது கொடுத்தாள். எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கல்லூரி விளம்பரப் புத்தகம்தான். கனமான வழவழப்புத் தாள், பன்னிரண்டு பக்கம், முதல் பக்கத்தில் தாளாளர் கைகட்டி நிற்பார். தாள் எவ்வளவு தடிமனோ, கல்லூரி அவ்வளவு ஒல்லி. இருபத்திரண்டு வருட வேலையில் அவள் கண்டுபிடித்த உண்மை அது.

பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஸ்டுடியோவில் அவளுக்குப் படம் திருத்தும் வேலை. அவள் பெயரைச் சொல்லி விசாரித்தால் தெருவே முழிக்கும். டச்சிங் அக்கா என்றால் சின்னக் குழந்தையும் வீட்டைக் காட்டும். பத்தொன்பது வயதில் பிலிமில் பென்சில் வைத்துத் திருத்தத் தொடங்கினாள். காலம் மாறியதும் கம்ப்யூட்டருக்கு மாறினாள். பருவை எடுப்பாள், மூடிய கண்ணைத் திறப்பாள், கசங்கிய சட்டையோடு வந்தவனுக்குக் கோட்டும் டையும் மாட்டி அனுப்புவாள். கோபித்துக்கொண்டு கல்யாணத்துக்கே வராத மருமகனைக் குடும்பப் படத்தில் மாமியாருக்குப் பக்கத்திலேயே நிறுத்தியிருக்கிறாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

சேர்க்கைக் காலம் நெருங்கினால் கல்லூரிகள் வரும். புழுதி பறக்கும் பொட்டல் அவள் கையில் புல்வெளியாகும். ஒரே அலமாரி நான்காகி நூலகமாகும். ஒரு நாளைக்கு ஒரு கல்லூரி கட்டுவேன் என்று ஸ்டுடியோவில் பெருமையடித்துக்கொள்வாள். அந்தப் படங்களைப் பார்த்து எந்த வீட்டுப் பிள்ளை எங்கே போய்ச் சேருகிறது என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. ஊரான் வீட்டுப் பிள்ளைதானே.

இன்று முன்னறையில் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தது அவள் பெற்ற பிள்ளை.

அந்தத் தாளைக் கொண்டு வந்தவர் அவளுடைய அண்ணன். இன்ஷூரன்ஸ் விற்றார், மனை விற்றார், தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்றார். வாங்கியவர்கள் இன்றும் அவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், கும்பிடுவதற்காக அல்ல. இப்போது அவர் கார்டில் ‘உயர்கல்வி வழிகாட்டி’ என்று இருந்தது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கே வழி மறந்துபோன மனிதர். கார்டில் இருந்த படத்தில் நெற்றி மறைய முடி. அதுவும் தங்கை கைங்கரியம்தான். போன வருஷம் அவள் போட்டுக் கொடுத்தது.

விண்ணப்பத்தில் மூன்று கல்லூரிகள்தான் எழுதலாம். முதலில் எழுதியது கிடைத்துவிட்டால் மற்ற இரண்டும் தானாகவே போய்விடும். மாலை ஆறு மணிக்கு விண்ணப்பம் மூடப்படும். இப்போது மணி ஐந்து. ஒரு வாரமாக மகள் பென்சிலால் எழுதி வைத்திருந்த பட்டியலில் முதலில் இருந்தது ஆற்றுப்பாலத்துக்கு அப்பால் இருக்கும் பழைய அரசுக் கல்லூரி. இயற்பியல் படிக்க ஆசைப்பட்டவளை ஒரு நாள் அங்கே கூட்டிக்கொண்டு போயிருந்தார் வகுப்பாசிரியை. சுவரெல்லாம் காரை பெயர்ந்து கிடக்கிறது, ஆனால் ஆய்வகத்தில் எல்லாக் கருவியும் வேலை செய்கிறது, பிள்ளைகளின் கைபட்டுப் பிடியெல்லாம் தேய்ந்திருக்கிறது என்று மகள் வந்து சொன்னாள்.

அந்தப் பட்டியலில்தான் அண்ணன் கை வைத்துக்கொண்டிருந்தார். அடுப்படி வரை கேட்டது. காரை பெயர்ந்த இடத்தில் படித்தால் வாழ்க்கையும் பெயர்ந்துவிடுமாம். இந்தக் கல்லூரியில் இருக்கும் ஆய்வகத்தைப் பார்த்து வெளிநாட்டுக்காரனே வாயைப் பிளந்தானாம். வேலை நிச்சயமாம். என்ன வேலை என்று மகள் கேட்டதற்கு, நல்ல வேலை என்றார். காலையில் போனில் மாப்பிள்ளையிடமும், அதாவது அவள் புருஷனிடமும், பேசியாகிவிட்டதாம். மச்சான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் சொல்லிவிட்டாராம். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். சேர்த்துவிடும் தலை ஒவ்வொன்றுக்கும் அந்தக் கல்லூரி அண்ணனுக்கு என்ன தருகிறது என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

அவள் பதறவில்லை. மகள் கெட்டிக்காரி, சிரித்துவிட்டு ஒதுக்கிவிடுவாள் என்று நம்பி டீயை வடிகட்டினாள். அப்போதுதான் மகளின் குரல் கேட்டது. ஆய்வகத்தைப் பற்றியோ வேலையைப் பற்றியோ அல்ல.

“மாமா, இந்த மரத்தடில ஒரு வெள்ளைக் கல் பெஞ்சு இருக்கு பாருங்க. புல்லுக்கு நடுவுல. இங்க உக்காந்து படிச்சா எப்படி இருக்கும்?”

“உனக்காகத்தான் போட்டு வச்சிருக்காங்க மருமகளே.”

டம்ளர் தளும்பிக் கையில் சுட்டது. அவளுக்கு உறைக்கவில்லை. தட்டோடு முன்னறைக்குப் போனபோது மகளின் பென்சில் முதல் வரியை அடித்துவிட்டிருந்தது. அதற்கு மேலே புதிதாக ஒரு பெயர்.

விரிந்து கிடந்த பக்கத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாத புல்லா? ஒவ்வொரு இலையும் அவள் ஒட்டியது. போன மார்கழியில் அவசர வேலையாக வந்த படம். அதில் கல்லூரி என்று இருந்தது கட்டடம் ஒன்று, கருங்கல் ஜல்லிக் குவியல் ஒன்று. பச்சை வேண்டும் என்றார்கள். கையில் பச்சை இருந்தது ஒரே ஒரு படத்தில்தான்.

மகளின் முகம் மலர்ந்திருந்தது. அந்த முகத்தில் மண்ணைப் போட வேண்டும். சொல்லாமல் விட்டால் மூன்று வருடம் அந்த மண்ணிலேயே அவள் நிற்க வேண்டும்.

“அது பெஞ்சு இல்லடி,” என்றாள்.

அண்ணன் டம்ளரை எடுத்தபடியே சிரித்தார். தங்கை ஸ்டுடியோவை விட்டு எங்கே போயிருக்கிறாள், கல்லூரியைக் கண்டாளா என்று மகளிடம் கேட்டார்.

“நான் போனதில்ல. செஞ்சது நான்தான். ஒரு வீட்ல அவங்க தாத்தா கல்லறையப் படம் எடுத்துப் பெருசாக்கித் தரச் சொன்னாங்க. அந்தக் கல்லறைத் தோட்டத்துப் புல்லுதான் இது. வெட்டி ஒட்டும்போது தாத்தாவோட கல்லுல ஒரு முனை வந்துருச்சு. அழிக்கச் சோம்பேறித்தனம். அழகா இருக்கேன்னு கீழ ரெண்டு கால் வச்சு விட்டுட்டேன்.”

மகள் படத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

“நூலகம்?” என்றாள்.

“ஒரு அலமாரி. நாலு தடவை. மேல் வரிசையில சிவப்பு அட்டைப் புத்தகம் எத்தன இருக்குன்னு எண்ணிப் பாரு.”

எண்ணினாள். நான்கு.

அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. எல்லாரும் செய்வதுதானே, பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பவுடர் போடுவதில்லையா என்றார். பிறகு குரல் தணிந்தது. தணிந்த குரல்தான் குத்தியது. “இத்தன பிள்ளைங்க படம் பார்த்துச் சேர்ந்தப்ப எங்க போச்சு உன் நியாயம்? உன் பொண்ணுன்னதும் சுடுதா?”

தைத்த இடம் சரியான இடம்தான். வாழ்நாளில் அண்ணன் சொன்ன ஒரே உண்மை அது என்று அவளுக்குப் பட்டது. அதையும் யார் வாயால் கேட்க நேர்ந்தது பாருங்கள்.

“சுடுதுண்ணே. உங்களுக்கும் பொண்ணு இருந்திருந்தா தெரியும், அவளை நீங்க அங்க சேர்ப்பீங்களான்னு.”

அவர் டீயைக் குடித்தார், சர்க்கரை குறைவு என்றார்.

மகள் ரப்பரை எடுத்துத் தேய்த்தாள். புதிய பெயர் போயிற்று. பழையதைத் திரும்ப எழுதினாள், இம்முறை பேனாவால். பின் போனை எடுத்து ஒவ்வொன்றாகப் பதிந்து அனுப்பினாள். ஐந்து நாற்பதுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வந்தது. அப்போதும் அவள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஏம்மா, என் ஸ்கூல் படத்துல தெத்துப்பல் இல்லாம இருக்குமே. அதுவும் நீதானா?”

தாய் தலையாட்டினாள். பூட்டி வைத்த கண்ணீர் அப்போதுதான் வழிந்தது. மகள் எழுந்து வந்து துடைக்கவில்லை. அந்தப் பல்லைத் திரும்ப வைத்துக் கொடு என்று மட்டும் சொன்னாள்.

அண்ணன் எழுந்தார். நாளைக்கு அந்தச் சுவர் இடிந்து தலையில் விழுந்தால் தன்னிடம் வந்து நிற்கக் கூடாது என்றார். வாசலில் செருப்பை மாட்டியவர், தெருவில் யாருக்காவது கொடு என்று கார்டை நீட்டினார். மகள் வாங்கினாள். கார்டில் இருந்த நெற்றியைப் பார்த்தாள், எதிரே மாலை வெயிலில் மின்னிய நெற்றியைப் பார்த்தாள், கார்டை அவர் சட்டைப்பையிலேயே செருகினாள்.

“உங்க புத்தகம், மாமா,” என்று வழவழப்புத் தாளையும் கொடுத்தாள்.

அவர் படியிறங்கும்வரை நின்றிருந்துவிட்டுத் தாய் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.