கார்ட் பெட்டியில் ஒரு பொட்டு

என் மாமனார் கோச்சியில், அதுதான் ரயிலில், கார்ட். கிளிநொச்சி ஸ்டேசனில் கோச்சி நின்றதும் கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கி, பச்சைக் கொடியோடு விறைப்பாக நிற்பார். நான் நேர் எதிரே போய் நின்றாலும் அவர் பார்வை என் தலைக்கு மேலால் போகும். வேர்க்சொப்பில் பெயின்ற் அடிக்கிறவன் தன்னைக் கேளாமல் மகளைக் கட்டிவிட்டான் என்ற கோபம். முரசுமோட்டையில் எங்கள் வீட்டுப் படியை மிதிக்கமாட்டேன் என்று சொன்னவர், பேரன் பிறந்த பிறகும் மிதிக்கவில்லை.

மனைவிதான் பாவம். காற்று எங்கள் பக்கம் அடிக்கிற நாட்களில் கோச்சி கூவுவது வயலைத் தாண்டிக் கேட்கும். குசினியில் சமைத்துக்கொண்டிருக்கிற அவள் கை அப்படியே நின்றுவிடும். அதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அழுகையும் வரும், அதை ஏன் மறைக்க வேணும்.

அந்த நேரம் எங்கள் வேர்க்சொப்புத் துரை சீமைக்குத் திரும்பிப் போனார். தன் பிள்ளையின் விளையாட்டுக் கோச்சிப் பெட்டிகளை எனக்குத் தந்துவிட்டுப் போனார். பெயின்ற் உரிந்த தகரப் பெட்டிகள். கூடவே, தண்ணீரில் நனைத்து நழுவவிட்டு ஒட்டுகிற எழுத்துத் தாள் ஒன்றும் இருந்தது. எனக்கு உடனே புத்தி வேலை செய்தது. எங்கள் கோச்சி போலவே பெயின்ற் அடித்து, மகனின் பிறந்தநாளுக்கு மாமனாரை வரவழைக்க, கார்ட் பெட்டியை மட்டும் அவரிடம் கொண்டுபோய் நீட்டுவது. அதற்கும் மனம் இளகாவிட்டால் மனுசன் கருங்கல்தான்.

பழைய பெயின்றைச் சுரண்டி, சிவப்பில் கறுப்பைத் துளித்துளியாகக் கலந்து, கோச்சியின் நிறம் வரும்வரை அடித்துப் பார்த்தேன். காய்ந்த பிறகு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கார்ட் பெட்டியில் 'GUARD' என்ற எழுத்தை நழுவவிட்டேன். நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது. காயட்டும் என்று மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

வந்து பார்த்தால், எழுத்தின் மேல் ஈரச் சந்தனம், நடுவில் குங்குமம்! எழுத்து ஒரு பக்கம் சரிந்து கிடந்தது.

"அடி விசரி, என்ன வேலை பார்த்தனி?"

"புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காமல் விடுறதே? உங்கடை சைக்கிளுக்கு வைக்கேக்கை சிரிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்!"

நான் கத்திய கத்தலில் பிள்ளை எழும்பி அழுதான். தாளில் வேறு எழுத்தும் மிச்சமில்லை. மகனின் பிறந்தநாளோ நெருங்கிவிட்டது. வருவது வரட்டும் என்று அதையே ஸ்டேசனுக்குக் கொண்டுபோனேன்.

"உங்கடை பேரன் தந்துவிட்டவன், மாமா."

வாங்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். வாங்கினார். கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தப் பொட்டு ஆர் வைச்சது?"

"உங்கடை மகள்தான்."

"சின்னனிலை என்ரை கொடிக்கம்புக்கும் வைச்சவள். வைக்காமல் என்னை வேலைக்குப் போகவிடாள்."

எஞ்சின் கூவியது. டிரைவர் தலையை நீட்டிப் பின்னால் பார்த்தார். மாமனார் கொடியை எடுக்கவேயில்லை. மறுபடியும் கூவிய பிறகுதான் பெட்டியை என் கையில் திருப்பித் தந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. உம்மடை வீட்டுக்கு வந்து எடுக்கிறன். அதுக்கிடையிலை எழுத்தை நேராக்கி வையும்."

கொடியைக் காட்டிவிட்டு, நகரத் தொடங்கிய கோச்சியில் தொற்றி ஏறினார். ஏறியவர் என்னைப் பார்த்துக் கத்தினார்:

"பொட்டிலை மட்டும் கை வையாதையும்!"