லாக்லன் கில்லிஸ் தொடாத கல்

எங்கள் கின்லூராக் ஊரில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் லாக்லன் கில்லிஸைப் போல ஒரு பிடிவாதக்காரனை நான் பார்த்ததில்லை. பார்க்க ஆசையும் இல்லை. முப்பத்தொரு வருடமாக அதே பாதையில் ஓட்டுகிறான். ஒரு நிமிடம் முந்தியதில்லை, பிந்தியதில்லை. பிள்ளைகளை ஏற்றும்போது ஒரு முறை, இறக்கும்போது ஒரு முறை எண்ணுவான். மொத்தமே பதினோரு பிள்ளைகள்.

மலை விஷயத்திலும் அதே ஆள்தான். ஸ்காட்லாந்தில் மூவாயிரம் அடிக்கு மேல் இருநூற்று எண்பத்திரண்டு மலைகள் பட்டியலில் இருக்கின்றன. ஏற வேண்டும், உச்சியில் இருக்கும் கல்குவியலைத் தொட்டு எத்தனையாவது மலை என்று எண்ணைச் சொல்ல வேண்டும், இறங்கி வந்து பட்டியலில் ஒரு கோடு போட வேண்டும். இப்படியே வாழ்நாளைக் கழிப்பவர்கள் எங்கள் ஊரில் பாதிப் பேர். எதற்காக என்று கேட்பவர்களோடு நாங்கள் பேச்சு வைத்துக்கொள்வதில்லை. எல்லா மலையையும் முடித்தவர்களின் பெயர் என் மதுக்கடையில், கல்லாவுக்கு மேலே தொங்கும் கறுப்புப் பலகையில் தங்க நிறத்தில் ஏறும். எழுதுவது நான்தான். பத்தொன்பது பெயர்கள் இருக்கின்றன. என் பெயரும் உண்டு, லாக்லன் பெயரும் உண்டு.

கல்லை வெறுங்கையால்தான் தொட வேண்டும் என்பது லாக்லன் போட்ட சட்டம். ஒரு தடவை வடக்கே எங்கோ ஒரு மலையில் ஏறி இறங்கி, வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் கையுறையோடு தொட்டது அவனுக்கு ஞாபகம் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொண்ணூறு மைல் ஓட்டிக்கொண்டு போய் மறுபடி ஏறி, கையுறையைக் கழற்றித் தொட்டுவிட்டு வந்தான். பெரிய மனது பண்ணிக் குளிர்காலத்துக்கு மட்டும் ஒரு சலுகை வைத்திருந்தான். கல் பனியில் புதைந்து கிடந்தால், அந்த மேட்டின் மேல் கை வைத்தால் போதும். அந்தச் சலுகைதான் அவனுக்கு வினையாக வந்தது.

இந்தச் சட்டத்தால் அடிபட்டவள் ஜெனெட். பள்ளிக்கூடத்தில் சமைப்பவள். ஆறு வருடத்துக்கு முன்னால் தன் கடைசி மலையில், உச்சிக்கு இருபதடி இருக்கும்போது காற்று அவளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. தவழ்ந்து பார்த்தாள், முடியவில்லை. திரும்பி வரும் வழியில் முழங்கால் போயிற்று. நேராக என் கடைக்கு வந்து, "இருபதடி பாக்கிடா" என்று அவளே சொன்னாள். கூட ஒருவரும் போகவில்லை. தொட்டேன் என்று சொல்லியிருந்தால் அன்றே பெயர் எழுதியிருப்பேன். லாக்லன் தலையை ஆட்டி, "வருத்தமாத்தான் இருக்கு ஜெனெட். ஆனா இருபதடி இருபதடிதான்" என்றான். எங்கள் மலையேறும் மன்றத்தின் செயலாளர் மக்ஃபேல், எழுபது வயது, ஓய்வுபெற்ற தபால்காரர், ஒரு படி மேலே போய் அதைக் குறிப்பேட்டிலேயே ஏற்றிவிட்டார். மாற்று முழங்காலோடு ஜெனெட் இனி படி ஏறினாலே அதிகம். எனக்கு அன்று இருவர் மேலும் எரிச்சலாக வந்தது. ஆனாலும் தங்கச் சாயத்தை மூடி உள்ளே வைத்துவிட்டேன்.

இந்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, நெவில் என்றொருவர் கடைக்கு வந்தார். தெற்கே இங்கிலாந்திலிருந்து வந்தவர், கூரை வேலை பார்ப்பவர், பனியில் கூடாரம் போட்டுத் தூங்குவது அவருக்குப் பொழுதுபோக்கு. கடை நிறைய ஆள். லாக்லனும் அவன் மனைவி ஐஷ்பெலும் கணப்புக்குப் பக்கத்தில் இருந்தார்கள்.

"உங்க ஊர் மலையில எனக்கு ஒண்ணு நடந்துச்சுங்க. ஒன்பது வருஷம் ஆச்சு" என்று ஆரம்பித்தார் நெவில். "பென் லூராக். மூடுபனியில உச்சின்னு நெனச்சு பக்கத்துச் சின்ன மேட்டுல கூடாரம் போட்டுட்டேன். ராத்திரி முழுக்கப் பனி. காலைல கூடாரமே தெரியல, வெறும் மேடு. நான் உள்ள படுத்திருக்கேன். யாரோ வர்ற சத்தம். வந்தவரு என் தலையில கைய வச்சாரு. ஏதோ ஒரு நம்பர் சொன்னாரு. போயிட்டாரு."

கடை சிரித்தது.

"இருங்க, முடியல. அவரு காலடித் தடத்தப் பிடிச்சுக்கிட்டே ரெண்டாவது ஆள். அவரும் தொட்டாரு, நம்பர் சொன்னாரு. அப்புறம் என் முழங்கால் மேல உக்காந்து ரொட்டி தின்னாரு. தேவாலயப் பாட்டு ஒண்ண வேற ராகத்துல பாடினாரு. இப்படி" என்று முனகியே காட்டினார். "மூணாவதா ஒருத்தன் வந்தான். தொட்டான். சுத்திப் பார்த்துட்டு என் கால் பக்கமா ஒண்ணுக்கு அடிச்சுட்டுப் போனான்."

"யோவ், நீ ஏன்யா வாயத் தொறக்கல?" என்று கத்தினேன். கடையில் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது நான்தான்.

"எப்படிங்க சொல்றது? மொத ஆள் எவ்வளவு சந்தோஷமா நம்பர் சொன்னாரு. அவருகிட்டயே சொல்லாதப்ப ரெண்டாவது ஆள்கிட்ட சொன்னா நல்லாவா இருக்கும்? ரெண்டு பேர்கிட்டயும் சொல்லாம மூணாவது ஆள்கிட்ட மட்டும் எப்படிச் சொல்றது?"

அது நியாயமாகத்தான் பட்டது. கடை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. லாக்லன் மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி உட்கார்ந்திருந்தான். ஐஷ்பெல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடமாகக் குளியலறையிலிருந்து அந்தப் பாட்டை அந்த ராகத்தில் கேட்பவள் அவள்.

நிலைமை இதுதான். லாக்லனின் இருநூற்று எண்பத்திரண்டில் ஒன்று மலை இல்லை, நெவில். அடுத்த சனிக்கிழமை மன்றத்தின் வருட விருந்து. இந்த வருடம் தலைவர் லாக்லன் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. தலைவரின் வேலை, பலகையில் இருக்கும் பெயர்களை எல்லோரும் கேட்க உரக்க வாசிப்பது. அதாவது தன் பெயரையும் தன் வாயாலேயே வாசிக்க வேண்டும்.

வியாழக்கிழமை இடுப்பளவு பனி கொட்டிப் பள்ளிக்கூடம் மூடியது. காலை ஏழு மணிக்கு லாக்லன் என் பின்கதவைத் தட்டினான். கையில் ஒட்டி மூடிய கடித உறை ஒன்று.

"டூகல், இத வச்சிரு. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள நான் வரலன்னா தொற. அதுக்கு முன்னாடி தொறந்தே, உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்."

தனியாக மலைக்குப் போகிறவன் எங்கே போகிறான், எப்போது வருவான் என்று சொல்லாமல் போகக் கூடாதென்று வாகன நிறுத்தத்தில் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் பாடம் எடுப்பவன் அவன். ரகசியமாகப் போகவும் வேண்டும், சட்டத்தை மீறவும் கூடாது. அதற்காகத்தான் இந்த உறை. அவன் தலை மறைந்ததும் கெண்டி ஆவியில் காட்டித் திறந்துவிட்டேன். நான் என்ன மகானா? போகும் வழி, வரும் வழி, மணி, சட்டையின் நிறம், காலுறை எத்தனை ஜோடி என்பது வரை எழுதியிருந்தான். கடைசி வரி: "பென் லூராக். காரணம் கேட்காதே."

மற்றதெல்லாம் அவன் திரும்பி வந்து சொன்னது.

காட்டைத் தாண்டவே மூன்று மணி நேரம் ஆனதாம். ஒரு காலை எடுத்து வைத்தால் தொடை வரை உள்ளே போகும். அதைப் பிடுங்குவதற்குள் மற்றது போகும். சில இடத்தில் படுத்து உருண்டானாம். மான் ஒன்று நின்று பார்த்ததாம், இவன் திட்டியதும் போய்விட்டதாம். பழைய சின்ன மேட்டைக் கடக்கும்போது நின்று, ஊன்றுகோலால் குத்திப் பார்த்தானாம். கூடாரம் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகும் "மன்னிச்சுக்கோப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தானாம்.

உண்மையான உச்சியை அடையும்போது மணி பன்னிரண்டரை. தரையும் வெள்ளை, வானமும் வெள்ளை. கைபேசி குளிரில் செத்துவிட்டது. உயரம் காட்டும் கடிகாரம் உச்சி இதுதான் என்றது. கல்லை மட்டும் காணோம். சலுகைப்படி ஏதாவது ஒரு மேட்டின் மேல் கை வைத்துவிட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் மேட்டை நம்பித்தானே ஒன்பது வருடம் ஏமாந்தான்? கோலால் குத்தினான், கையால் தோண்டினான். ஒரு மணிக்கு மூச்சு வாங்கவே, தோண்டிய குழியில் உட்கார்ந்து, ஆபத்துக்கென்று வைத்திருக்கும் பிளாஸ்டிக் பையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு ரொட்டியை எடுத்தான். காற்று பனியை வாரி அவன் மேல் கொட்டிக்கொண்டே இருந்தது. பத்து நிமிடத்தில் பையும் தெரியவில்லை, தொப்பியும் தெரியவில்லை.

அப்போது மூச்சிரைக்கும் சத்தம். அவன் உழுது வந்த தடத்திலேயே ஓர் ஆள் ஏறி வருகிறான். கண்ணாடி முழுக்கப் பனி. நேராக வந்து நின்றான். கையுறையைக் கழற்றினான். வெறுங்கையை லாக்லனின் தலையில் வைத்தான்.

"ஒரு நம்பர் சொன்னான் டூகல்" என்றான் லாக்லன். "சொல்லிட்டு அழுதான். சின்னப் புள்ள மாதிரி. 'அப்பாடா, இப்ப சரியாச்சு'ன்னான்."

"நீ என்ன சொன்ன?"

"வாயில ரொட்டி. முழுங்கிட்டுச் சொல்லலாம்னு பார்த்தேன். அதுக்குள்ள அழ ஆரம்பிச்சுட்டான். அழறவன்கிட்ட போய், நான் கல்லு இல்லப்பா, பஸ் டிரைவர்னு எப்படிச் சொல்றது?"

"யாருடா அது?"

"அத மட்டும் சொல்ல மாட்டேன்."

யாராக இருந்தாலும் அது நான் இல்லை. அதுவரைக்கும் எனக்கு நிச்சயம்.

அந்த ஆள் இறங்கிப் போன பிறகு லாக்லன் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கீழேயே தோண்டினான். முழங்கை ஆழத்தில் கல் தட்டியது. கல்குவியலின் மேலேயே உட்கார்ந்துதான் அவ்வளவு நேரமும் ரொட்டி தின்றிருக்கிறான். வெறுங்கையை வைத்தான். எண்ணைச் சொன்னான். பாடவில்லை.

"சந்தோஷமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இல்லடா. ஜெனெட் ஞாபகம்தான் வந்துச்சு. இருபதடி பாக்கின்னு அவளா வந்து சொன்னா. நாம அவள அனுப்பிட்டோம். நான் ஒரு மைல் தள்ளி ஒருத்தன் முழங்கால் மேல உக்காந்துட்டு வந்து, ஒன்பது வருஷமா பலகையில இருக்கேன்."

மணி ஆறடிக்கப் பத்து நிமிடம். அவன் உறையைத் திருப்பிக் கேட்டான். ஆவியில் நெளிந்து போயிருந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தான். என்னையும் பார்த்தான். சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை விருந்தில் ஆட்டு வயிற்றில் அடைத்து வேகவைத்த ஈரலும் மசித்த கிழங்கும் முடிந்து விஸ்கி சுற்றி வந்ததும் லாக்லன் எழுந்து பலகைக்கு முன்னால் நின்றான். பெயர்களை வாசிக்கவில்லை.

"நெவில் சொன்ன கதையில பாடினது நான்தான்" என்றான். "பலகையில என் பேரு பொய்யா இருந்துச்சு, முந்தாநாள் வரைக்கும். முந்தாநாள் போய்த் தொட்டுட்டேன். மத்த ரெண்டு பேரு யாருன்னு எனக்கு வேண்டாம், அவங்க எந்திரிக்கவும் வேண்டாம். நான் கேக்கறது ஒண்ணுதான். ஜெனெட் பேரு பலகையில ஏறணும். இருபதடிய நான் விடறேன்."

கடைசி மேசையில் ஜெனெட் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். மக்ஃபேல் குறிப்பேட்டோடு எழுந்துவிட்டார்.

"அதெப்படி? சட்டம்னு ஒண்ணு இருக்கில்ல? இருபதடி இருபதடிதான்னு சொன்னதே நீதானே லாக்லன்! தொடாதவங்க பேர எழுதறதுன்னா அப்புறம் மன்றம் எதுக்கு?"

லாக்லன் நிதானமாக அவர் பக்கத்தில் போய்க் குனிந்தான். கல்லாவுக்குப் பின்னால் நின்ற எனக்கும் அது கேட்டது.

"உங்க கை ரொம்ப சில்லுன்னு இருந்துச்சு மக்ஃபேல். தொப்பி போட்டிருந்தும் தெரிஞ்சுது."

மக்ஃபேல் முகத்தில் வந்து போன நிறங்களை நான் எந்த மலையிலும் பார்த்ததில்லை. குறிப்பேட்டை மெதுவாக மூடினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏணி எங்க இருக்கு?" என்றார்.

ஏணியை அவரே பிடித்துக்கொண்டார். நான் தங்கச் சாயமும் தூரிகையுமாக ஏறினேன். ஜெனெட் அழுதுகொண்டே, "கோணலா எழுதிராதடா" என்று கத்தினாள். லாக்லன் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். ஐஷ்பெல் அந்தப் பாட்டை, சரியான ராகத்தில், ஆரம்பித்து வைத்தாள்.

இருபதாவது பெயர். அதற்கு நேர் மேலே பத்தொன்பதாவதாக இருப்பது என் பெயர். முதல் எழுத்தைப் போடும்போதே கை நடுங்கியது.

"ஏன்யா நடுங்கற?" என்று கீழேயிருந்து கேட்டார் மக்ஃபேல்.

"உயரம்னா எனக்கு ஆகாதுங்க" என்றேன்.

ஜூன் மாதம் பனி உருகட்டும். கடைக்கு ஒரு நாள் விடுமுறை விட்டுவிட்டுப் பென் லூராக் போக வேண்டும். நெவிலுக்கு ஒரு புட்டி விஸ்கியும் அனுப்ப வேண்டும், பெயர் போடாமல்.