ஆறு மணிப் பாட்டு

நோர்பரி என்ற புறநகரில் நான் வேலை செய்த பார்சல் அலுவலகத்தின் மனேஜர் ஒல்லியான மனிதர். ஆறு மணியானால் கோட்டை மாட்டி, பொத்தான் எல்லாம் பூட்டி, மறுபடியும் உட்கார்ந்து வேலை பார்ப்பார். அவர் எழும்பாமல் நாங்களும் எழும்ப முடியாது.

ஆண்டுவிழாவில் நாங்கள் பாடுவதற்கென்று, தன் மகள் கேட்கும் ஜப்பானியப் பாட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். தினமும் வேலை முடிந்தபின் பயிற்சி.

"இந்தப் பாட்டின்ர கருத்து என்ன, அண்ணை?" என்று கேட்டேன்.

"ஆறு மணிக்குப் பிறகு நான் உங்கட ஆள் இல்லை எண்டு ஒருத்தன் தன்ர முதலாளிக்குச் சொல்லுறான். நல்ல கருத்து. உணர்ச்சியோட பாடவேணும். ஏழரை வரைக்கும் நில்லுங்கோ."

விழாவில் எங்கள் எல்லாரையும்விட உருக்கமாக, கண்ணை மூடிப் பாடியவர் அவர்தான். முன்வரிசையில் எங்கள் முதலாளி தாளம் போட்டார். முடிந்ததும் மனேஜர் கோட்டை மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்குத் திரும்பினார். அவர் யாரை நினைத்துப் பாடினார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.