எலிக்கு என்ன காய்ச்சலா?

அவரைப் பொறி என்றுதான் கூப்பிடுவார்கள். எலிப்பொறியும் கையுமாக அலைவதால் வந்த பேர் என்பார்கள் சிலர். வாயைத் திறந்தாலே பொறி பறக்கிறதே, அதனால் வந்தது என்பாள் அவர் மனைவி. இருபது வருடமாகக் கட்டடங்களில் எலியை விரட்டுவதுதான் பிழைப்பு. யாராவது 'எலி மருந்து' என்று சொல்லிவிட்டால் போச்சு. "எலிக்கு என்ன காய்ச்சலா, மருந்து குடுக்க? விஷம்னு சொல்ல வாய் வலிக்குதா?" என்று பிடித்துக்கொள்வார்.

அவர் வழியே வேறு. சுவரில் ஓட்டையைக் கண்டால் காதில் செருகிய பென்சிலை எடுத்து விட்டுப் பார்ப்பார். பென்சில் நுழைந்தால் குட்டி எலியும் நுழையும். உடனே இரும்பு நாரைத் திணித்து, மேலே சிமெண்ட் பூசிவிடுவார்.

இந்த நாலு மாடிக் கட்டடத்தில் மூன்று வாரத்தில் நாற்பத்தொரு ஓட்டையை அடைத்திருந்தார். மிச்சம் குப்பை அறைக் கதவு ஒன்றுதான். கதவுக்கும் தரைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. எலிகள் அதில் வீட்டு மாப்பிள்ளை மாதிரி போய்வந்தன. "ஒரு தகடு வாங்கிக் குடுங்க சார், அடிச்சிடறேன்" என்று குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் மூன்று தடவை கேட்டாயிற்று. மூன்று தடவையும் "பார்க்கலாம்" என்றார் அவர்.

நாலாவது தடவை கேட்கலாம் என்று காலையில் வந்தால், மாடிப்படிக்கு அடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'மருந்து வைக்கப்பட்டுள்ளது. செயலாளர்.' தாளுக்குக் கீழே சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள் கீழ்வீட்டுப் பாப்பா. மூன்று வயது. ஒரு வாரமாக இருமல். மருந்து என்றால் சமர்த்தாக வாயைத் திறக்க வேண்டும் என்று அம்மா பழக்கியிருந்தாள். மடியில் பொம்மை, கையில் ரோஸ் நிறக் கட்டி.

பொறிக்குப் பார்த்ததுமே தெரிந்தது, எலி விஷம். கத்தினால் பயத்தில் வாயில் போட்டுக்கொள்வாள். மெல்ல எதிரே உட்கார்ந்தார்.

"என்ன பாப்பா அது?"

"மருந்து. வாட்ச்மேன் தாத்தா சொன்னாங்க."

"நீ சாப்பிட்டியா?"

"பொம்மைக்குத்தான் மொதல்ல. அதுக்கு ரொம்ப இருமல்."

"எனக்கும் இருமல்மா. எனக்குக் குடேன்." பொய்யாக இருமிக் காட்டினார். அவள் நேரே அவர் வாயிலேயே போட வந்தாள். கையில் பிடித்துக்கொண்டார்.

வைத்தது எட்டுக் கட்டி என்றார் வாட்ச்மேன். பொறி கையில் இருந்ததையும் சேர்த்து ஏழுதான் இருந்தது. ஓடிவந்த அம்மா குழந்தையின் வாயைத் திறந்து பார்த்து அழத் தொடங்கினாள். பொறி பொம்மையைத் தலைகீழாக உதறினார். கவுனுக்குள்ளிருந்து எட்டாவது கட்டி, பல் படாமல், முழுசாக விழுந்தது. எதற்கும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்று தாயையும் பிள்ளையையும் அனுப்பினார்.

செயலாளர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். "அதான் நோட்டீஸ் ஒட்டியிருக்கேனேப்பா. பார்க்க வேண்டாமா?"

"மூணு வயசுப் புள்ளையா சார் படிக்கும்? படிச்சாலும் மருந்துன்னுல்ல எழுதியிருக்கீங்க. சரி, தகடு எங்க?"

"அடுத்த கூட்டத்துல பார்க்கலாம்."

பொறி நேரே வாசல் கேட்டுக்குப் போனார். செயலாளர் தன் பேரைப் பெரிதாக எழுதி மாட்டியிருந்த தகரப் பலகையைத் திருகு கழற்றி எடுத்தார். நெடுக வெட்டி, குப்பை அறைக் கதவின் அடியில் வைத்து அடித்தார். ஆணிகள் பேரின் மேலேயே இறங்கின.

"யோவ், என்னய்யா பண்றே?"

"தகடு கிடைச்சிடுச்சு சார். இனிமே எலி உங்களைத் தாண்டித்தான் உள்ள வரணும்."