‘று’ எங்கே போச்சு?

கொதிக்கும் தொட்டியில் பட்டு நூலை ஒரு கையால் புரட்டிக்கொண்டே, மறு கையிலிருக்கும் செல்போனைப் பார்த்து வீரபாகு கத்துகிறார்: “சேறும்மா! சேறு! அது தமிழு!”

ஆரணியில் சாயப்பட்டறை வைத்திருக்கிறார். தொழில், நூலுக்குச் சாயம் ஏற்றுவது. பொழுதுபோக்கு, உலகத்துச் சொற்களுக்கெல்லாம் தமிழ்ச் சாயம் ஏற்றுவது. இரண்டும் வெளுக்காது என்று உத்தரவாதம் தருவார். ‘பேஜார்’ உருது என்று யாரோ சொல்லப்போக, “பேசார்! ஒர்த்தன் பேசாம குந்திகினு இருந்தா பேஜார்தானே?” என்று வாயை அடைத்தவர்.

போனில் இருப்பவர் மகள் தேவிப்ரியா. நர்ஸ். ஜெர்மனி வேலைக்காக அந்த மொழி படிக்கிறார். அங்கே ‘ஸே’ என்ற ஒரே சொல் ஆண்பாலில் ஏரி, பெண்பாலில் கடலாம். பழைய ஜெர்மானிய மொழி ஒன்றில் அது ஏரிக்கும் சதுப்புக்கும் உரிய சொல்லாம். அதற்கும் முன்னால் எங்கிருந்து வந்தது என்று அறிஞர்களுக்கே உறுதியாகத் தெரியாதாம். வகுப்பில் கேட்டதை அப்பாவிடம் சொன்னதுதான் அவர் செய்த பிழை.

“அவுங்களுக்குத் தெரிலன்னா எனுக்குத் தெரியும்னு அர்த்தம்! சதுப்புன்னா சேறு. நம்ப பக்கமும் ஏரி கீற ஊருக்குச் சமுத்திரம்னுதானே பேரு வெச்சிகினு கீறாங்க?”

“சரிப்பா. ‘று’ எங்க போச்சு?”

வீரபாகு ‘று’வைத் தேடி விட்டத்தைப் பார்த்தார். கை மட்டும் தன் போக்கில் நீலத் தொட்டியில் ஒரு பிடி மஞ்சள் சாயத்தைப் போட்டது.

“அய்யய்யோ, நூலப் பாருண்ணா!” வாசலில் காத்திருந்த நெசவாளி குமரேசன் அலறினார். அவர் தறியில் ஒரு கல்யாணப் புடவை கடல் நீலத்தில் பாதி நெய்த நிலையில் நிற்கிறது. மீதிக்கு அதே நிறம் வேண்டும். வெளியே எடுத்த நூல் பாசிப் பச்சை.

“கடலு கேட்டா ஏரிய நீட்றியே! வெள்ளிக்கிழம முகூர்த்தம். பொண்ணு வூட்ல என் தோல உரிச்சிடுவாங்க.”

“பாத்தியா? ஒரே தொட்டி! ஏரியும் வருது, கடலும் வருது!” என்று துள்ளிய வீரபாகு, குமரேசனின் கண்ணில் நீரைக் கண்டதும் அடங்கினார். போனை அணைத்தார். புது நூலை எடுத்தார். அதன்பின் ஒரு வார்த்தை இல்லை. பட்டறைக்கே பேஜாராக இருந்தது.

கடைசியில் ஈர நூலைப் பிழிந்து, குமரேசன் கொண்டுவந்த மாதிரித் துணியோடு வெயிலில் சேர்த்துப் பிடித்தார். எது எதுவென்று தெரியவில்லை. குமரேசன் மூச்சு விட்டார்.

வீரபாகு நீல விரலால் சுவரில் ‘சேறு’ என்று எழுதினார். பிறகு ஈர உள்ளங்கையால் ‘று’வை மட்டும் அழித்தார்.